ஒரு மில்லிமீட்டர் இரக்கம்

ஆப்பிளைக் கடித்தாள். கடித்த இடத்தைப் பார்த்தாள். திடுக்கிட்டாள்.

வெள்ளைச் சதையின் மேல் சிவப்பாய் ஒரு கோடு... பக்கத்திலேயே இன்னொன்று...

தினமும் காலையில் வாய் கொப்பளிக்கும்போது வருகிற அதே இரத்தம்தான். ஆனால் அது குழாய்த் தண்ணீரோடு போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது. இப்படிப் பட்டப்பகலில், கடை விளக்கின் வெளிச்சத்தில், தன் வாய்க்குள் நடப்பதை அவள் நேருக்கு நேர் பார்த்ததில்லை. நாக்கால் மேல்வரிசை முன்பல்லைத் தொட்டாள். ஆடியது. கொஞ்சம்தான்... ஆனாலும் ஆடியது.

அந்த நேரம் பார்த்துத்தானா கடைக் கதவு படாரென்று திறக்க வேண்டும்! மழையோடு மழையாக ஒருவன் உள்ளே வந்தான். வந்த வேகத்தில், மூக்குக்கண்ணாடி ஃப்ரேம் அடுக்கியிருந்த அலமாரியில் நேராகப் போய் முட்டினான்.

"சாரி சார்!" என்றான் அலமாரியிடம்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வந்த சிரிப்பை, வழக்கம்போல, கை ஓடிப்போய் மூடியது. அந்தக் கைக்குப் பல வருடப் பழக்கம்.

"அது அலமாரி. ஆள் இங்க இருக்கேன்."

"அப்ப உங்களுக்கும் சேர்த்து ஒரு சாரி." குரல் வந்த பக்கம் திரும்பினான். கையில் கண்ணாடி இரண்டு துண்டாக இருந்தது. "இது இல்லாட்டி எனக்கு உலகமே பஞ்சுமூட்டைங்க. ரோட்டைத் தாண்டி இங்க வந்து சேர்ந்ததே பெரிய சாதனை."

அவள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு உடைந்த ஃப்ரேம் எல்லாக் கதையையும் சொல்லிவிடும். காதில் மாட்டும் வலது கால் வெளிப்பக்கமாக விரிந்து, திருகு கழன்று...

"இதை எப்படிக் கழட்டுவீங்க? செஞ்சு காட்டுங்க."

"உடைஞ்சதையா?"

"சும்மா கையை வச்சுக் காட்டுங்க சார்."

அவன் வலது கையால் காதோரத்துக் காற்றை ஒரு வெட்டு வெட்டி இழுத்தான்.

"அதானே பார்த்தேன்! ஒத்தைக் கையால வெடுக்குன்னு பிடுங்கினா கால் விரியாம என்ன பண்ணும்? இன்னொரு கை எதுக்கு இருக்கு?"

"அந்தக் கையில எப்பவும் வேலை இருக்கும்."

"அப்படி என்ன வேலை?"

"அடுத்தவங்க வாய்க்குள்ள."

அவள் கையிலிருந்த திருப்புளி நழுவி மேசையில் விழுந்தது.

"பல் டாக்டர்" என்றான் அவன், அவசரமாக. "அதிலயும் ஈறுதான் என் வேலை. பயப்படாதீங்க, எனக்கு இப்ப எதுவும் தெரியல."

அவள் மேசை இழுப்பறையைத் திறந்தாள். கைக்குட்டையை எடுத்து வாயை மூடி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். திருகைப் பூட்டினாள். விரிந்த காலைப் பெருவிரலால் மெல்ல அழுத்தி, வளைத்து, நேராக்கினாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து அவன் காதுகளில் மாட்டிவிட்டாள்.

கண்கள் அவளுக்குப் புதிதா என்ன? விடிந்தால் கண்கள்தான். இரண்டு கருவிழிக்கும் நடுவே எவ்வளவு தூரம், எந்தக் கண்ணுக்கு எந்தப் பவர்... கண் என்றாலே அவளுக்குக் கணக்கு. ஆனால் இமை நுனியில் ஒரு மழைத்துளி ஒட்டிக்கொண்டிருக்க, பஞ்சுமூட்டைக்குள்ளிருந்து மெல்ல மெல்லத் தெளிந்து வந்து, தன்னிடமே நின்றுவிட்ட அந்தக் கண்கள்... கணக்கு எங்கேயோ உதைத்தது.

அவனுக்கு முதலில் தெரிந்ததும் இரண்டு கண்கள்தான். அதற்குக் கீழே ஒரு கைக்குட்டை.

"சளியா?"

"ஆமா."

அவன் பார்வை மேசைக்கு இறங்கியது. அங்கே நின்றது. முகம் மாறிவிட்டது.

"இந்த ஆப்பிளைக் கடிச்சது யாரு?"

ஐயோ!

"அது... ஒரு கஸ்டமர்."

"பாதி கடிச்ச ஆப்பிளை இங்க வச்சிட்டுப் போயிட்டாரா?"

"ஆமா. பாவம், கண்ணும் சரியில்ல, ஞாபகமும் சரியில்ல."

அவன் ஆப்பிளைப் பார்த்தான். கைக்குட்டையைப் பார்த்தான். பிறகு அவள் கண்களை... சிரிப்பானோ என்று பயந்தாள். சிரிக்கவில்லை.

"அந்த ஆப்பிள்காரர் மறுபடி வந்தா ஒண்ணு சொல்லுங்க. இதை இப்படியே விடக்கூடாது. எங்க பல் ஆஸ்பத்திரியில பெரிய டாக்டரம்மா இருக்காங்க. அவங்களைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்க. பயந்துகிட்டு வர்றவங்களை அவங்க திட்டவே மாட்டாங்க. திட்டுறதுக்குன்னுதான் என்னை வேலைக்கு வச்சிருக்காங்க."

அவன் போன பிறகும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. யாரைக் கேட்டு ஆப்பிளைப் பார்த்தான்? வந்தோமா, கண்ணாடியை வாங்கினோமா என்று போக வேண்டியதுதானே! ஒத்தைக்கை! அன்றே அவனுக்குப் பெயர் வைத்துவிட்டாள். கோபத்தில் வைத்த பெயர்தான்... ஆனால் வீடு போய்ச் சேருகிறவரை அந்தப் பெயர் கூடவே வந்ததே, அது ஏன்?

வீட்டில் ஓர் இரகசியம் இருந்தது. அம்மாவுக்குச் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மாவுக்கு ஈறு வீங்கி, பற்கள் ஆடி, ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. அப்பா வெளியூர் வேலையில் இருந்த காலம் அது. அவர் திரும்பி வருவதற்குள் அம்மா பல் செட் கட்டிக்கொண்டாள். அன்று முதல் அதைப் புருஷன் கண்ணில் படும்படி அவள் கழற்றியதே இல்லை. தூங்கும்போதுகூட வாயில்தான். "அப்பாவுக்குத் தெரியக்கூடாது" என்பதுதான் அந்த வீட்டில் மகள் கற்றுக்கொண்ட முதல் பாடம்.

இப்போது மகளுக்கும் அதே நோய். சுத்தம் செய்து பார்த்தாயிற்று. மருந்து தின்று பார்த்தாயிற்று. போவதும் வருவதுமாக இருந்ததே தவிர, போய்த் தொலையவில்லை.

"முன்பல்லு ஆடுதும்மா" என்றாள் அன்றைக்கு.

அம்மா முகம் வெளுத்துவிட்டது. சமையலறைக் கதவைச் சாத்தினாள். "யார்கிட்டயும் மூச்சு விடாதே கண்ணு. கையை வச்சுக்கிட்டுச் சிரி. கல்யாணம் மட்டும் நல்லபடியா முடிஞ்சிடட்டும்... அப்புறம் என்னை மாதிரி சமாளிச்சுக்கலாம்."

என்னை மாதிரி! அந்த வார்த்தைதான் அவளை மறுவாரமே பல் ஆஸ்பத்திரிக்கு விரட்டியது.

ஒத்தைக்கை கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று தூண் தூணாக ஒளிந்து ஒளிந்து போனாள். பெரிய டாக்டரம்மா நரைத்த தலையும் கறாரான குரலுமாக இருந்தார். வாயைப் பார்த்தார். படம் எடுத்தார். ஈறிலிருந்து பஞ்சால் ஒற்றி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் அவர் சொன்ன செய்தி அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

"வைரஸா? ஈறுலயா?"

"உதட்டுல கொப்புளம் வருதே, அந்த வைரஸோட சொந்தக்காரங்க. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல உங்களுக்குப் பள்ளம் விழுந்திருக்கு. அதுக்குள்ள கிருமி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். சிலருக்கு வைரஸும் கூட இருக்கு. அது ஈறோட காவலைக் குறைச்சு, கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுதோன்னு ஒரு சந்தேகம். சந்தேகம்தான்மா, உறுதி இல்லை. அதனாலதான் ஆராய்ச்சி பண்றோம். வழக்கமா செய்ற சுத்தம் எல்லாருக்கும் உண்டு. அதோட பாதிப் பேருக்கு வைரஸை அடக்குற மாத்திரை. மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மாவு மாத்திரை."

"எனக்கு எது?"

"எனக்கே தெரியாது. முடியுறவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது."

இன்னொரு சட்டமும் இருந்தது. பள்ளத்தின் ஆழத்தை மெல்லிய கம்பியால் அளக்கும் டாக்டருக்கு நோயாளியின் முகம் தெரியக் கூடாது. பச்சைத் துணியால் கண்ணும் மூக்கும் மூடி, வாய் மட்டும் வெளியே தெரியும். பெயர் இல்லை, எண் மட்டும். பேச்சும் கூடாது.

"எதுக்கு டாக்டர் இவ்வளவு கெடுபிடி?"

"முகத்தைப் பார்த்தா இரக்கம் வரும். இரக்கம் வந்தா கம்பி ஒரு மில்லிமீட்டர் மேலேயே நின்னுடும். வலிக்குமேன்னு கை தானா நிக்கும். அந்த ஒரு மில்லிமீட்டர்ல என் ஆராய்ச்சி பொய்யாயிடும். அதனால அளக்கிறவருக்கும் உங்களுக்கும் அறிமுகம் இருக்கக் கூடாது. இருந்தா உங்களை ஆராய்ச்சியிலேருந்து எடுத்துடுவேன்."

அவள் தலையாட்டினாள். கையெழுத்துப் போட்டாள். அவளுடைய எண் பதினேழு.

அந்த நாற்காலியில் சாய்ந்து, பச்சைத் துணிக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தபோதுதான் கதவு திறந்தது. செருப்புச் சத்தம்... தண்ணீர்ச் சத்தம்... பிறகு ஒரு குரல்.

"பதினேழு. வாயைத் திறங்க. வலிச்சா இடது கையைத் தூக்குங்க."

திறந்த வாய் திறந்தபடியே உறைந்துபோனது. ஒத்தைக்கை!

எழுந்து ஓடிவிடலாமா? ஓடினால் மாத்திரை போச்சு. பல் போச்சு. 'என்னை மாதிரி' ஆகிவிட வேண்டியதுதான். ஓடாவிட்டால்... தன் உடம்பிலேயே எதை யாருக்கும் காட்டக் கூடாது என்று பல வருடமாகக் கையால் மூடிக்கொண்டு திரிகிறாளோ, அதற்குள்ளேயே அவன் விளக்கடித்துப் பார்க்கிறான்! வெட்கத்தில் காது மடல் சுட்டது. கம்பி இறங்கியது. வலித்தது. கையைத் தூக்கவில்லை. கையைப் பார்த்தால் தெரிந்துகொள்வானோ என்ற பயத்தில் கடைசிவரை தூக்கவே இல்லை.

அதே வாரத்தில் கடைக்கும் வந்து நின்றான், அவன்.

"கால் விரிஞ்சிடுச்சுங்க."

"மறுபடி ஒத்தைக் கையா?"

"பழக்கமாயிடுச்சு... உங்க ஆப்பிள்காரர் எங்க ஆஸ்பத்திரிப் பக்கம் போனாரா?"

"இல்லையே. அவர் சரியான பயந்தாங்கொள்ளி." கைக்குட்டைக்குள்ளிருந்து பொய் சொன்னாள்.

"போகச் சொல்லுங்க. நான் கவலைப்பட்டேன்னு சொல்லுங்க."

"நீங்க எதுக்கு யாரோ ஒருத்தருக்குக் கவலைப்படணும்?"

"நல்ல ஆப்பிளுங்க அது. வீணாப் போச்சே."

இப்படித்தான் ஆரம்பித்தது. கண்ணாடிக்கு அடிக்கடி கால் விரிந்தது; அவன் வரும்போதெல்லாம் அவள் கைக்குட்டையும் வாய்க்கு ஏறியது. இந்த மாதிரி உழைக்காத ஃப்ரேமை அவள் பார்த்ததே இல்லை. வேண்டுமென்றே வளைத்துக்கொண்டு வருகிறான் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் அந்த ஃப்ரேம் கம்பெனியைத்தான் திட்டுவார்கள்.

"இப்படியே போனா ஒருநாள் இது யார் வாயிலயாவது விழப்போகுது" என்றாள்.

"விழுந்தா என்ன பண்றது?"

"கடிச்சிடப் போறாங்க, பார்த்து."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். எவ்வளவு அழகாகச் சிரிக்கிறான்! ஒளிக்க ஒன்றுமில்லாத சிரிப்பு. அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

ஒருநாள், பேச்சுவாக்கில், "என் வேலையில எனக்கு முகமே கிடைக்காதுங்க" என்றான். "எல்லாம் வாய்தான். பெரும்பாலும் அலறுற வாய். ஒண்ணே ஒண்ணு மட்டும்... எவ்வளவு வலிச்சாலும் கையே தூக்காது. ஆணா பெண்ணான்னுகூட நான் யோசிக்கக் கூடாது. ஆனா அந்த மனுஷர் மேல எனக்கு ஒரு மரியாதைங்க. எவ்வளவு தைரியம்!"

துடைத்துக்கொண்டிருந்த லென்ஸ் அவள் விரலிலிருந்து எகிறி மேசைக்கு அடியில் ஓடியது. குனிந்து தேடுகிற சாக்கில் வெகுநேரம் மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தாள். தைரியமாம்... கையை நீ அடையாளம் கண்டுபிடித்துவிடுவாயோ என்ற பயமடா முட்டாளே!

பொய்யை எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்னால் மாத்திரை போகும். சொல்லாவிட்டால்... ஒவ்வொரு முறை அவன் சிரிக்கும்போதும் மனசு குத்தும்.

பிறகு அந்தச் சாயங்காலம் வந்தது. அவன் கண்ணாடி நேராகவே இருந்தது. மேசை முன்னால் வந்து, மழைக்கோட்டின் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றான்.

"எங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரலாமா?"

"எ... எதுக்கு?"

"கண்ணாடி வாங்க இல்ல."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த நொடியே நாக்கு முன்பல்லைத் தொட்டது. பல் ஆடியது.

"யோசிச்சுச் சொல்றேன்..." என்றாள்.

விஷயத்தைக் கேட்டதும் அம்மா பூரித்துப் போனாள். மாப்பிள்ளை பல் டாக்டர் என்று தெரிந்ததும் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஈறு டாக்டரா? அடிப்பாவி... ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா உனக்கு!"

அடுத்த அளவு நாள் வந்தது.

பச்சைத் துணி. விளக்கின் சூடு. "பதினேழு. திறங்க." பல் பல்லாக நகர்ந்து வந்தான். அவன் எண்களைச் சொல்லச் சொல்ல, மூலையிலிருந்த நர்ஸ் எழுதிக்கொண்டாள். எண்கள் முன்பைவிடச் சின்னதாக வருவதுபோல் அவளுக்குத் தோன்றியது. மாத்திரையா, மாவா, சுத்தம் செய்ததாலா... யார் கண்டார்கள்? முன்பல்லை அளக்க அவன் நன்றாகக் குனிந்தான்.

வளைத்து வளைத்துத் தளர்ந்துபோயிருந்த கண்ணாடி, மூக்கிலிருந்து வழுக்கி, அவள் நெஞ்சின் மேல் விழுந்து உருண்டது.

அவள் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் சும்மா கிடந்திருப்பாள். ஆனால் விழுகிற கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அந்தக் கைகளுக்குத் தெரியாது. கண் மூடியிருக்க, கைகள் இரண்டும் அதைத் தரைக்குப் போகாமல் பிடித்தன. லென்ஸில் விரல் படாமல் புரட்டின. வலது கால் விரிந்திருப்பதைத் தடவி அறிந்தன. பெருவிரல் ஓர் அழுத்து அழுத்தி, வளைத்து, நேராக்கியது. இடது காலை முதலில் மடித்து, வலது காலை அதன்மேல் மடித்து, மெல்ல மேலே நீட்டின.

அதை யாரும் வாங்கவில்லை.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. நிற்க நிற்கத்தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

கண்ணாடி அவள் விரல்களிலிருந்து போயிற்று. அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்பி மறுபடி முன்பல்லுக்கு வந்தது. ஈறைத் தொட்டது... நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு கம்பி தட்டில் விழும் சத்தம். நாற்காலி பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம். கதவு.

போய்விட்டான்.

அவள் துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்தாள். நர்ஸ் "பதினேழு, பதினேழு!" என்று கூப்பிடுவது காதில் விழவே இல்லை.

வீட்டுக்கு வந்து சமையலறையில் அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள். "பார்த்துட்டாரும்மா... ஆடுற பல்லு, ஈறு, எல்லாத்தையும் பார்த்துட்டாரு. நான்தான்னு தெரிஞ்சதும் எழுந்து போயிட்டாரு. ஒரு வார்த்தை பேசல... அருவருப்பா இருந்திருக்கும்."

"மெதுவாப் பேசு! அப்பா கூடத்துல இருக்காரு!"

"என்ன, பல்லா?" வாசற்படியில் அப்பா நின்றுகொண்டிருந்தார், கையில் பாதி மடித்த துணியோடு. "அவளுக்கும் உன்னை மாதிரியே ஆயிடுச்சா?"

அம்மா கையிலிருந்த கரண்டி விழுந்தது. மகளின் அழுகை பட்டென்று நின்றது.

"என்னை மாதிரியா... என்ன என்னை மாதிரி?"

"என்னத்தைச் சொல்றது... உன் பல் செட்டைத்தான்" என்றார் அப்பா, துணியை மடித்துக்கொண்டே. "முன்னொரு தடவை உனக்குக் காய்ச்சல் அடிச்சுதே. அசந்து தூங்கினப்ப அது தலையணையில விழுந்து கிடந்துச்சு. எடுத்துக் கழுவினேன். அப்புறம் நீ எழுந்தா பதறிப்போவியேன்னு இருந்த இடத்துலயே வச்சிட்டு, தூங்குற மாதிரி படுத்துக்கிட்டேன். நல்லா நடிச்சேன் போல."

"அது... அது இவ பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி!"

"ஆமா."

"இத்தனை வருஷமா தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

அம்மா அவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கி அதாலேயே அவரை ஓர் அடி அடித்தாள். அப்புறம் அதே துணியில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் கரண்டியை எடுத்துக் கழுவப் போனார்.

மகள் அப்படியே சிலையாக நின்றாள். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில்... ஒருத்தி பல்லை மறைத்தாள், ஒருவர் தெரிந்ததை மறைத்தார். இத்தனை வருடமும் அம்மா ஓர் இரவாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பாளா? அப்படி ஒரு வாழ்க்கை தனக்கு வேண்டாம். அவன் வேண்டாம் என்று போனால் போகட்டும். ஆனால் தனக்கு இனிமேல் கைக்குட்டை வேண்டாம்.

மறுநாள் மழை. கடைக் கதவு திறந்தது. இம்முறை அவன் எதன் மேலும் முட்டவில்லை. நேராக வந்தான்.

கைக்குட்டை வேண்டாம் என்று முடிவு செய்தவள்தான்... ஆனால் கை அவளைக் கேட்காமலே வாய்க்குப் போய்விட்டது. பாழாய்ப்போன கை!

"என்ன சார் வேணும்? கால் விரிஞ்சிடுச்சா?"

"இல்ல. நேத்து ஒருத்தங்க சரி பண்ணிட்டாங்க. கண்ணை மூடிக்கிட்டே."

"அதுக்கு நன்றி சொல்ல வந்தீங்களாக்கும். நேத்து அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வாய் வரல. எழுந்து ஓடினீங்களே!"

"ஓடினேன்தான். ஏன்னு கேட்க மாட்டீங்களா?"

"கேட்க என்ன இருக்கு? என் வாயைப் பார்த்தீங்க. நான்னு தெரிஞ்சுது. அவ்வளவுதானே..." குரல் உடைந்தது.

"எத்தனை மாசமா அந்த வாயைப் பார்க்கிறேன்! ஒரு நாளாவது ஓடியிருக்கேனா?" அவன் குரலும் சரியாக இல்லை. "இதுவரைக்கும் என் கை பிசகினதே இல்லைங்க. நேத்து அது நீங்கன்னு தெரிஞ்சப்புறம் முன்பல்லுக்குக் கம்பியைக் கொண்டுபோறேன்... இறங்க மாட்டேங்குது. உங்களுக்கு வலிக்குமேன்னு கை நிக்குது. வாய் பாட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் குறைச்சுச் சொல்ல வருது. பொய்யான அளவு! அப்பதான் எழுந்தேன். பெரிய டாக்டர்கிட்ட நேராப் போய், இனிமே பதினேழு விஷயத்துல என் கை உண்மை பேசாதுன்னு சொன்னேன்."

அவள் பதறினாள். "அப்ப... என்னை எடுத்துட்டாங்களா?"

"உங்களை எடுக்காதீங்க, என்னை எடுங்கன்னேன். ஒரு மணி நேரம் திட்டினாங்க. அப்புறம் ஒத்துக்கிட்டாங்க. இனி அளக்க வேற ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு டாக்டர் வருவாங்க. உங்க மாத்திரை நிக்காது."

"உங்க ஆராய்ச்சி... வருஷக்கணக்கா உழைச்சது..."

"ஆராய்ச்சி நடக்கும். நான் அளக்க மாட்டேன், அவ்வளவுதான்."

இந்த மனுஷனைப் போய் அருவருப்பு என்றோமே! அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உள்ளதைச் சொல்லிடறேன்" என்றான். "அந்தப் பல் நிலைக்குமான்னு தெரியாது. உங்களுக்குக் கிடைக்கிறது மாத்திரையா மாவான்னும் தெரியாது. மாத்திரையாவே இருந்தாலும் அது கேட்குமான்னு தெரியாது."

"அப்ப டாக்டருக்கு என்னதான் தெரியும்?"

"உங்களைப் பிடிச்சிருக்குன்னு தெரியும். பல்லு இருந்தாலும், இல்லாட்டியும்." நிறுத்தினான். "ஒரு விஷயம் கேட்டா சிரிப்பீங்க. கடையில ஒருத்தங்களைப் பிடிச்சுப்போச்சு. நாற்காலியில வேற யாரோ ஒருத்தர் மேல மரியாதை வந்துடுச்சு. நமக்கென்ன இப்படி ரெண்டு பக்கமும் மனசு போகுதுன்னு கொஞ்சநாள் குற்றவாளி மாதிரித் திரிஞ்சேன்."

அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. கை வாயை இறுக்கி மூடியது. அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு, இரண்டு கைகளாலும், மெதுவாக, அவள் சொல்லிக் கொடுத்தபடியே, தன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"இப்ப எனக்கு எல்லாம் பஞ்சுமூட்டை. கையை எடுத்துட்டுச் சிரிங்க. எனக்குத் தெரியாது."

எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்! தெரியாத கண்களுக்கு முன்னால் சிரித்துவிட்டு, வாழ்நாள் முழுக்க அப்படியே இருந்துவிடலாம். அம்மா இருந்தாளே.

அவள் கண்ணாடியை எடுத்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு அவனருகே வந்தாள். கண்ணாடியை ஒரு கையால் மாட்டிவிட முடியாது. காலைக் காதில் பொருத்த இரண்டு கையும் வேண்டும். வாயை மூட மூன்றாவது கை அவளுக்கு இல்லை.

மாட்டிவிட்டாள். அவன் கண்கள் தெளிந்து, வந்து, அவளிடம் நின்றன. கைகளை அவன் காதோரத்திலேயே வைத்துக்கொண்டு, ஆடுகிற பல்லும் சிவந்த ஈறுமாக, வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். டாக்டர் பார்வை இல்லை அது.

"எனக்கும் பிடிச்சிருக்கு" என்றாள். "அப்புறம்... ஒரு உண்மை சொல்லணும். அந்த ஆப்பிளைக் கடிச்சது நான்தான்."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"முதல் நாள்லேருந்து."

"அப்புறம் ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

நேற்று சமையலறை வாசலில் கேட்ட அதே வார்த்தைகள். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அம்மாவைப்போல் அத்தனை வருடம் எடுத்துக்கொள்ளாமல் சொல்லிவிட்டோம் என்று நினைத்ததும், இன்னொரு முறை சிரிப்பு வந்தது. கை இரண்டும் அவன் காதோரத்திலேயே இருந்தன.